சுண்டுவிரல் நகம்

முதலில் அந்த நகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. இடது கைச் சுண்டுவிரலில் அரை அங்குலத்துக்குக் குறையாமல் வளர்த்து வைத்திருப்பார். மற்ற ஒன்பது விரல்களிலும் ஒட்ட வெட்டியிருப்பார். அது மட்டும் மஞ்சள் பூத்து, நுனியில் லேசாக வளைந்து நிற்கும். அதனால் காது குடைவார். பல்லிடுக்கில் சிக்கிய கறித் துணுக்கை நிமிண்டி எடுப்பார். எடுத்ததை ஒரு கணம் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பார். பிறகு சட்டையின் உள்மடிப்பில் துடைத்துவிட்டு, அதே கையால் என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் சாப்பிடும்போது அந்த நகம் நினைவுக்கு வந்தால் தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவர் அங்கே கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு. பிரின்சிபாலிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் 'சிஸ்டம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் ஒன்று இருந்தது. எழுத மனம் வரவில்லை.

கல்லூரியில் பன்னிரண்டு கருப்பு லேப்டாப்கள் இருந்தன. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டியபோது எங்கள் தாளாளர் அவற்றை எப்படியோ வாங்கி வந்திருந்தார். ஒவ்வொன்றும் எருமை கனம் கனக்கும். சாயந்திரம் நாலரைக்கு எல்லாவற்றையும் லேபில் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் பீரோவில் வைத்துப் பூட்டுவார். காலையில் அவர் கையால்தான் எடுத்துக் கொடுப்பார். வராண்டா உத்தரத்தில் வைஃபை பெட்டி ஒன்று தொங்கியது. அதிலிருந்து இந்தப் பன்னிரண்டுக்கும் நெட் வர வேண்டும். சில நாள் வரும். சில நாள் வராது. ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தாலும் ஒன்றுக்கு வரும், இன்னொன்றுக்கு வராது.

வராவிட்டால் அவரைக் கூப்பிட வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டால் வர மாட்டார். "வர்றேன் போங்க" என்பார். இரண்டாவது தடவைக்கு, "இன்னா மேடம், கையில வேல வெச்சிக்கினு இருக்கேன்ல" என்பார். மூன்றாவது தடவை நாமே நேரில் போய் லேப் வாசலில் நின்று, "சார், கொஞ்சம் வாங்க சார்" என்று இழுத்தால்தான் எழுந்திருப்பார். எழுந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, வழியில் நாலு பேரிடம் நின்று பேசி, கடைசியில் நம் மேஜைக்கு வருவார். வந்ததும் லேப்டாப்பைத் தன் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க மேடம்."

திரும்பிக்கொள்வோம். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். எம்.ஏ., எம்.ஃபில். படித்தவர்கள் எல்லாம் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகளாக நிற்போம். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் வெறுமனே கீ போர்டைத் தட்டிக்கொண்டிருப்பார். "ம், பாருங்க" என்பார். நெட் வந்திருக்கும்.

"இன்னா சார் பண்ணீங்க?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்.

"அது உங்களுக்குப் புரியாது மேடம். நெட்டுன்றது காத்து மாதிரி. வரும், பூடும். புடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் புடிபடும்."

காசு வாங்கியதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாங்கித் தொலைத்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு இருந்திருக்காது. கொடுத்தோம், தீர்ந்தது என்று போயிருக்கும். அவருக்கு வேண்டியது வேறு. நாம் வாசலில் நிற்க வேண்டும். நம் குரல் இறங்க வேண்டும். அந்த மூன்றாவது 'சார்' வரும்போது அவர் முகத்தில் ஒரு பளபளப்பு ஏறும் பாருங்கள், அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டும்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பன்னிரண்டு லேப்டாப்பையும் வரிசையாக வைத்துப் படையல் போடுவார். முன்விளிம்பில் வலது மூலையில் விரலகலத்துக்குக் கருப்பு டேப் ஒன்றை ஒட்டி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். "இத மட்டும் யாரும் எடுக்காதீங்க. பூஜ போட்டது. எடுத்தா மெஷின் படுத்துக்கும்" என்பார். மற்றவர்கள் பக்தியால் அதைத் தொடவில்லை. எங்களுடையது கோவிலுக்குப் போகிற குடும்பமில்லை, நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு சர்ச்சுக்குப் போகிறவள். அதனாலேயே இன்னும் கூடுதல் ஜாக்கிரதையாக இருந்தேன். இன்னொருவர் சாமி காரியத்தில் நாம் கை வைத்தோம் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று, தூசி துடைக்கும்போதுகூட அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு துடைப்பேன்.

பொருளாதாரம் எடுத்த வசந்தி மேடம் ஒரு நாள் சிஸ்டம் சாருடைய ஸ்கூட்டர் நிற்கிற நிழலில் தன் வண்டியை நிறுத்திவிட்டார். மறுநாளிலிருந்து மேடத்தின் லேப்டாப்பில் நெட் இல்லை. சிஸ்டம் சார் வந்து பார்த்துவிட்டு, "வைஃபை கார்டு செத்துப்போச்சு மேடம்" என்று உதட்டைப் பிதுக்கினார். வசந்தி மேடம் விடவில்லை. கோளாறைத் தானே கண்டுபிடிக்கிற வசதி ஒன்று லேப்டாப்பிலேயே இருந்ததை அவர் ஓடவிட்டுப் பார்த்தார். 'வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறது, கம்ப்யூட்டரின் முன்பக்கமோ பக்கவாட்டிலோ உள்ள சுவிட்சைப் போடவும்' என்று ஆங்கிலத்தில் வந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்த லேப்டாப்பைத் தூக்கிக் கவிழ்த்து, திருப்பி, குழந்தைக்கு உடம்பு துடைக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் தடவிப் பார்த்தோம். சுவிட்ச் எதுவும் இல்லை. குங்குமம் வைத்த மூலையை மட்டும் யாரும் தடவவில்லை.

"ஸ்விட்ச்சுன்னு போட்டிருக்கே சார்?" என்று வசந்தி மேடம் லேபுக்கே போய்க் கேட்டார்.

"அது ஃபாரின் மெஷினுக்குச் சொல்றது மேடம். நம்மூர் மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது."

மூன்று வாரம். மாணவர்களின் மதிப்பெண்ணை ஏற்ற முடியாமல் அந்த அம்மா அடுத்தவர் மேஜையில் கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் வீட்டிலிருந்து மல்லாட்டை உருண்டை, அதாவது வேர்க்கடலை உருண்டை, செய்து எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனார். சிஸ்டம் சார் இரண்டு உருண்டை தின்றார். நகத்தால் பல்லைக் குத்தினார். அன்று மத்தியானமே செத்துப்போன கார்டு உயிர்த்தெழுந்துவிட்டது. வசந்தி மேடத்துக்கு என்ன வீம்பு என்று அன்றைக்கு நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

சிஸ்டம் சார் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கே ஒரு முறை வந்திருக்கிறார். கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வரப் போகிறது என்று எனக்கு லேப்டாப்பை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் கையால்தான் எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை எங்கள் வீட்டு வைஃபை அதில் வரவில்லை. போன் செய்தேன். மூன்று தடவை செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பன்னிரண்டரைக்கு, கறிக்குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்து வந்தார். என் மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் அவருடைய நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் எழுந்து அந்தப் பக்கம் போங்க" என்றார்.

மாமனார் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வீட்டில், தன் சுவரைப் பார்த்து. 'டிக்' என்றது. அப்புறம் சிஸ்டம் சார் நாலு கரண்டிக் குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சிய சத்தம் தெருவுக்குக் கேட்டது. அந்தக் குழம்புக்காகத்தான் வெள்ளிக்கிழமையே அதை அணைத்துக் கொடுத்திருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரிந்தது நாலாவது வருடத்தில். மேஜையில் டீ கொட்டிவிட்டது. பதறிப்போய்த் துடைத்ததில் குங்குமம் வைத்த டேப் பாதி உரிந்து வந்தது. ஐயோ, சாமி குற்றமாகிவிட்டதே என்று அதைத் திரும்ப ஒட்டப் போனால், அதன் அடியில் ஒரு சின்ன சுவிட்ச். பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச். பக்கத்தில் செல்போன் கோபுரத்திலிருந்து அலையடிக்கிற மாதிரி ஒரு படம். தள்ளினேன். 'டிக்' என்றது. கீ போர்டுக்கு மேலே இருந்த சின்ன விளக்கு அணைந்தது, நெட் போனது. திரும்பத் தள்ளினேன். விளக்கு எரிந்தது, நெட் வந்தது. டேப்பைக் கவனித்துப் பார்த்தேன். மேல்பக்கம்தான் ஒட்டியிருந்தது. கீழ்ப்பக்கம் ஒரு நகம் நுழைகிற அளவுக்கு விட்டு வைத்திருந்தார்.

நாலு வருடம் ஒரு சுவிட்சுக்காகச் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறோம். காது குடைந்த நகத்தால் அவர் தட்டிவிட்ட சுவிட்சுக்காக. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். எல்லோரையும் கூப்பிட்டு அந்தக் கணமே காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. டேப்பை ஒட்டினேன். அழிந்த குங்குமத்துக்கு அலுவலகத்தில் இருந்த சாமி படத்தின் முன்னாலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நானே வைத்தேன்.

தாளாளருக்கு அவர் ரொம்ப வேண்டியவர், என் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். முதல் இரண்டு வாரத்துக்கு அது உண்மைதான். அப்புறம் அது உண்மையில்லை. எனக்கு மட்டும் நெட் எப்போதும் இருந்தது. "உங்களுக்கு மட்டும் எப்புடி மேடம்?" என்று கேட்டார்கள். சிரித்தேன். ஒரு நாள் வசந்தி மேடம் லேபுக்குப் போக அலுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்களேன் மேடம்" என்றேன். அவர் பார்த்தார். அந்த நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் இடது கைச் சுண்டுவிரலில் நகம் வளர்வதை என் கணவர்தான் முதலில் பார்த்தார். "இன்னாம்மா இது, வீணை கத்துக்கப் போறியா?" என்று கேலி செய்தார்.

கல்லூரியில் பெருக்கித் துடைக்கிற வேலையில் லூர்து அக்கா இருந்தார். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம். களை வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், மகள் ஸ்டெல்லாவை எங்கள் கல்லூரியிலேயே படிக்க வைக்க வேண்டும் என்று இந்த வேலைக்கு வந்தார். சிஸ்டம் சார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். 'ஏம்மா, காலனி' என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் எல்லோரும் பார்க்கத் தன் டிபன் டப்பாவை நீட்டிக் கழுவி வரச் சொன்னார்.

"நான் காலேஜுக்குத்தான் சார் வேல செய்யறேன். உங்க டப்பாவுக்கு இல்ல" என்றார் லூர்து அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஸ்டெல்லா கடைசி வருடம் படிக்கும்போது சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் தேர்வுக்குத் தேர்வானாள். எங்கள் கல்லூரியிலிருந்து அவள் ஒருத்திதான். கேமரா வைத்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், போனில் கூடாது. காலை பத்து மணிக்கு உள்ளே நுழைய வேண்டும். பத்தேகால் ஆனால் கதவு மூடிவிடும். அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அவளிடம் இருந்தது, மழையில் வீடு ஒழுகி அது நனைந்து வீணாகிவிட்டது. பிரின்சிபால் கருப்பு லேப்டாப்களில் கேமரா வேலை செய்கிற ஒரே ஒன்றை நூலகத்தில் வைத்து எழுதிக்கொள்ளச் சொன்னார். "இது கெடச்சிடுச்சின்னா இந்தத் தொடப்பத்த உங்க வாசல்லயே போட்டுட்டுப் போய்டுவேன் மேடம்" என்று லூர்து அக்கா முந்தின நாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

அன்று காலை லேப்டாப்பைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது சிஸ்டம் சார் கை.

ஒன்பது ஐம்பதுக்கு நெட் இல்லை என்று தெரிந்தது. லூர்து அக்கா லேபுக்கு ஓடினார். "வர்றேன் போ." மறுபடி ஓடினார். "டீ குடிச்சிக்கினு இருக்கேன்ல? நெட்டுன்னா இன்னா, உன் தொடப்பமா, கூப்ட ஒடனே வர்றதுக்கு?" மூன்றாவது முறை போனபோது வாசலில் நின்று அழுதிருக்கிறார். சிஸ்டம் சார் காது குடைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாராம். விஷயம் காதில் விழுந்து நான் நூலகத்துக்குப் போனபோது மணி பத்து ஐந்து.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. விளக்கு எரியவில்லை. கையை நீட்டினால் போதும். ஒரு நகம், ஒரு நொடி. ஆனால் ஸ்டெல்லாவைச் சுற்றி நூலகர், வசந்தி மேடம், அவளுடைய தோழிகள் என்று ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருடைய கண்ணும் லேப்டாப் மேல் இருந்தது. அத்தனை பேர் முன்னால் டேப்புக்கு அடியில் கை விட்டால் அத்தோடு கடை காலி. அவர் கடை மட்டுமில்லை.

"எல்லாரும் வெளிய போங்க. கூட்டமா நின்னா சிக்னல் வராது" என்றேன். இந்தப் பொய் எங்கிருந்து அவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. மெதுவாக நகர்ந்தார்கள். வசந்தி மேடம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், அவரையும் போகச் சொன்னேன். லூர்து அக்காவை, "நீங்க போயி சாரக் கூட்டிக்கினு வாங்க" என்று அனுப்பினேன். ஸ்டெல்லா நகரவில்லை.

"நான் இங்கியே இருக்கேன் மேடம். டைம் ஆவுது."

"போயி தண்ணி குடிச்சிட்டு வா, போ. பதட்டத்துல எழுத முடியாது."

"வேணாம் மேடம்."

"சொல்றேன்ல, அந்தப் பக்கம் போ."

போனாள். 'டிக்.' விளக்கு எரிந்தது. அப்போது மணி பத்துப் பன்னிரண்டு. அந்தப் பழைய மெஷின் வைஃபையைத் தேடி, பிடித்து, பக்கத்தைத் திறந்து, வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. ஸ்டெல்லா ஓடி வந்து தன் தேர்வு எண்ணை அடித்தாள். அவசரத்தில் ஒரு முறை தப்பாக விழுந்தது. திரும்ப அடித்தாள். நுழைவு நேரம் முடிந்தது என்று சிவப்பில் வந்தது. அவள் அழவில்லை. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். லேப்டாப் விளக்கைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் இடது கையைப் பார்த்தார்.

"பரவால்லியே மேடம். புடிச்சிட்டீங்களே" என்றார்.

சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. அவர் என்னை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு எதிரே வந்தால் லேசாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அவருடைய நகத்தைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு அருவருப்பு.

"நீங்களாச்சும் வந்து பாத்தீங்களே மேடம்" என்று லூர்து அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையை. அந்த அறுவடைக்கு ஒரு பை மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வீட்டில் அவித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் நகத்தை வெட்டிப் போட்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

புது லேப்டாப்கள் வந்தபோது அவற்றில் அந்த மாதிரி சுவிட்ச் இல்லை. ஒரே மாதத்தில் அவர் வெறும் ஆளாகிவிட்டார். யாரும் மூன்று முறை கூப்பிடவில்லை, ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. வேறு எங்கோ போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் என் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்று விழுப்புரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். சர்வீஸ் மேஜையில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். அடையாளம் கண்டு எழுந்து, உட்காரச் சொன்னாள். அம்மா இன்னும் அதே காலேஜில்தான் இருக்கிறார்களாம், முட்டி வலியாம். எனக்கு முன்னால் கண்டாச்சிபுரத்துக்காரர் ஒருவர், வயதானவர். அவருக்கும் இதே பிரச்சினை. ஸ்டெல்லா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"இந்தக் கீயப் பாருங்க தாத்தா. ஏரோப்ளேன் படம் போட்டிருக்குதா? கை பட்டா அமுங்கிக்கும். நெட்டு பூடும். திரும்ப அமுக்குனா வந்துடும். அவ்ளோதான். இதுக்காவ பஸ் ஏறி வராதீங்க. எங்க, நீங்களே பண்ணுங்க."

அவர் நாலு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். என்னுடையதும் அதே கீதான். ஸ்டெல்லா அதை என் பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கி அந்தக் கருப்பு லேப்டாப்புல இன்னா ப்ராப்ளம் மேடம்? நீங்கதான சரி பண்ணீங்க?"

"அதுவா. கார்டு போயிருந்துச்சிம்மா."

"கார்டு போயிருந்தா அப்புறம் வந்திருக்காதே மேடம்."

"அது உனக்குப் புரியாதும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாய் என்று எனக்குக் கேட்டது. "எங்க, நீங்களே ஒரு தடவ அமுக்குங்க மேடம்" என்றாள். அமுக்கினேன். நெட் வந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.